வீட்டைத் தூக்கினோம், படி போச்சு

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்று சொல்லி வைத்தவர்கள், கட்டின வீட்டைத் தூக்கிப் பார் என்று ஒரு வார்த்தை சேர்க்காமல் விட்டுவிட்டார்கள். மூன்றையும் பார்த்தவள் நான். முதல் இரண்டும் சும்மா.

தலத்தெருவில் எங்கள் வீடு. ஒரு குட்டையைத் தூர்த்து அப்பா கட்டியது. "மண்ணு நல்லா இறுகிப்போச்சு, யானையக் கட்டினாலும் தாங்கும்" என்று சாகிற வரைக்கும் பெருமை அடித்துக்கொண்டிருந்தார். யானையைக் கட்டவில்லை, அடுப்படியைத்தான் கட்டினார். அதையே மண் தாங்கவில்லை. அப்பா போய்ச் சேர்ந்த பிறகு வந்த ஒரு அடைமழையில் ஊறிப்போய், கொல்லைப்பக்க மூலை கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறங்க ஆரம்பித்தது. நாலு விரல்கடை இறங்கியது. நாலு விரல்தானே என்று நினைப்பீர்கள். அந்த வீட்டில் ஒரு நாள் தோசை சுட்டுப் பார்த்திருக்க வேண்டும்.

மாவை ஊற்றினால் அது கல்லில் நிற்காது, கொல்லைப்பக்கமாக ஓடும். ஒரு ஓரம் பேப்பர் ரோஸ்ட், மறு ஓரம் ஊத்தப்பம். என் கணவர் எந்தப் பக்கத்தைப் பிய்த்துத் தின்கிறார் என்பதை வைத்து அன்றைக்கு அவருக்குப் பசியா இல்லையா என்று கண்டுபிடித்துவிடுவேன். வீடு கழுவத் தண்ணீர் ஊற்றினால் போதும், துடைப்பம் வேண்டாம். ராத்திரி பாயில் படுத்தால் அவர் உருண்டு வந்து என் மேல் விழுவார். புதுசில் பிரியம் என்று நினைத்து வெட்கப்பட்டேன். பாயைத் திருப்பிப் போட்டபோது நான் உருண்டுபோய் அவர் மேல் விழுந்தேன். அப்புறம்தான் இது மூலை செய்கிற வேலை என்று புரிந்தது.

அவருக்கு ஊர் கிளிஞ்சல்மேடு. கடலோடிக் குடும்பம், அண்ணன் தம்பி எல்லோரும் படகுக்காரர்கள். இவர் மட்டும் எஞ்சின் மெக்கானிக் ஆகி, பட்டறைக்கு எதிரில் இருந்த மழலையர் பள்ளியில் டீச்சராக இருந்த என்னைப் பார்த்து, நான் அவரைப் பார்த்து, கதை முடிந்தது. நான் மாதா கோயிலுக்குப் போகிற கத்தோலிக்கப் பெண், அவர் மாரியம்மனுக்குத் தீ மிதிக்கிறவர். அதைக்கூட என் மாமியார் பொறுத்திருப்பார். பெற்ற பிள்ளை கடற்கரையை விட்டுவிட்டு, பெண்டாட்டி வீட்டோடு மாப்பிள்ளையாகப் போனதைத்தான் பொறுக்க முடியவில்லை. கல்யாணத்தன்று சாயங்காலம் எங்கள் வாசலில் வந்து நின்றார். நிலைக்கு முன்னால் இருந்த மூன்று கல் படிகளைக் கையால் சுட்டிக் காட்டினார்.

"கடலம்மா மேல சத்தியம். கடலுக்குப் போற என் மூத்த மவன் மேல சத்தியம். இந்தப் படிய இந்தக் கால் மிதிக்காது!"

சொல்லிவிட்டுப் போய்விட்டார். கோபத்தில் யாரும் சொல்கிற வார்த்தைதானே, ஒரு வாரத்தில் ஆறிவிடும் என்று நான் நினைத்தேன். எனக்கு என்ன தெரியும்? கடல்மேல் சொன்ன சத்தியத்தை அவர்கள் வீட்டில் யாரும் மீறியதில்லை. மீறினால் கடலுக்குப் போனவன் கரைக்கு வரமாட்டான். என் கணவரிடம், "அத்தையைக் கூப்பிட்டுப் பாருங்களேன்" என்றால் முகம் வெளுத்துவிடும். "கூப்புடாத. அம்மா மிதிச்சா அண்ணனுக்கு ஆவாது" என்பார். அம்மா வரவேண்டும் என்று உள்ளுக்குள் ஏங்கிக்கொண்டே, வந்துவிடப் போகிறாளே என்று பயந்துகொண்டும் இருந்த மனுஷர். அவர் படுகிற பாட்டைப் பார்த்தால் எனக்கு அழுகையாக வரும், அப்புறம் ஆத்திரமாக வரும்.

ஆனால் வேடிக்கை என்னவென்றால், என் மாமியார் எங்கள் வாசலுக்கு வராத நாளே கிடையாது. தலைச்சுமையாக மீன் விற்பவர் அவர். தலத்தெருதான் அவருக்கு வாடிக்கை. காலையில் அலுமினியக் கூடையை எங்கள் வேலி ஓரத்துப் பூவரச மர நிழலில் இறக்கி வைத்துவிட்டு ஒரு சத்தம்.

"ஏ மருமவளே! வூட்ல இருக்கியா, உருண்டு போயிட்டியா?"

"இருக்கேன் அத்தை. என்ன மீன்?"

"பாத்தா தெரியல? பாற. கண்ணப் பாரு, ஓங்கண்ண மாரி பளபளன்னு இருக்கு."

எனக்குத்தான் முதலில் நல்ல மீன் வரும். எனக்குத்தான் முதலில் வசவும் வரும். காபி கொடுத்தால் குடிப்பார், ஆனால் எங்கள் வீட்டு டம்ளரில் இல்லை. கூடைக்குள் துணியில் சுற்றி வைத்திருக்கும் தன்னுடைய எவர்சில்வர் டம்ளரை எடுத்து நீட்டுவார். தெருவில் நின்றபடியே குடித்துவிட்டு, படிகளை ஒரு முறை முறைத்துவிட்டுப் போவார்.

சுனாமி வந்தபோதுகூட அவர் மாறவில்லை. கிளிஞ்சல்மேட்டில் வீடு போய், உடுத்திய துணியோடு டவுனுக்கு ஓடி வந்தவர்கள், எங்கள் வீட்டுக்கு அடுத்த தெருக் கல்யாண மண்டபத்தில் தரையில் கிடந்தார்கள். நான் சோறு கொண்டுபோனேன். சாப்பிட்டார். என் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை. "வாங்க அத்தை, வீட்டுக்குப் போவோம்" என்றேன். தலையை ஆட்டி மறுத்துவிட்டார். மூத்த மகன் பக்கத்தில் உயிரோடு உட்கார்ந்திருந்தார், அவரைக் காட்டினார், அவ்வளவுதான். அன்றைக்கு எனக்கு அவர் மேல் இருந்த கோபமெல்லாம் போய்விட்டது. அந்தப் படிகள்மேல் மட்டும் கோபம் வந்தது.

சரி, வீட்டுக்கு வருவோம். அடுப்படிச் சுவரில் விழுந்த வெடிப்பில் முதலில் விரல் போயிற்று, பிறகு பல்லி போயிற்று, பிறகு வெளியே தெரு விளக்கு தெரிந்தது. இனிமேல் தள்ளிப்போட முடியாது என்று கும்பகோணத்திலிருந்து ஒரு மேஸ்திரியை வரவழைத்தோம். வீட்டை இடிக்காமல், அஸ்திவாரத்துக்குக் கீழே ஜாக்கி கொடுத்து நிமிர்த்துகிற வித்தையை மெட்ராசில் வடக்கத்தி ஆட்களிடம் கற்று வந்தவர் என்று கேள்வி. வந்து பார்த்தார். சுவரைத் தட்டினார். "பயப்படாதீங்கம்மா, வூடு தானா எழுந்திரிக்கும்" என்றார். படுத்த படுக்கையாகக் கிடக்கிற நோயாளியைப் பற்றி டாக்டர் சொல்கிற மாதிரி இருந்தது.

சாமான்களை எல்லாம் பக்கத்து வீட்டில் அடைத்துவிட்டு நாங்களும் அங்கேயே ஒண்டிக்கொண்டோம். வீட்டைச் சுற்றிப் பள்ளம் தோண்டினார்கள். சுவரின் அடியைப் பகுதி பகுதியாக அறுத்து, இரும்புச் சட்டம் கொடுத்து, அதற்குக் கீழே லாரி ஜாக்கிகளை வரிசையாக நிறுத்தினார்கள். முன்பக்கம் இருப்பவை சும்மா தாங்கிக்கொள்வதற்கு. கொல்லைப்பக்கம் இருப்பவைதான் ஏற வேண்டும். இவ்வளவும் செய்து முடித்து, மறுநாள் தூக்க வேண்டியதுதான் என்ற நிலையில், மேஸ்திரியின் ஆட்களுக்கு வரிசையாகச் சிக்குன்குனியா வந்து படுத்துவிட்டார்கள். ஜாக்கிக்கு ஒரு ஆள் வேண்டும். மிஞ்சியது மேஸ்திரி ஒருத்தர்தான்.

மறுநாள் காலை கருவாட்டுக் கூடையோடு வந்த மாமியார் விஷயத்தைக் கேட்டார். கடலில் தடைக்காலம் அப்போது. விசைப்படகு எதுவும் போகாது.

"கொழுத்த கெடா மாரி புள்ளைவளப் பெத்து வச்சிருக்கேன். தின்னுட்டுத் தின்னுட்டுத் தூங்குறானுவோ. வரச் சொல்றேன், இரு."

வந்தார்களே! மூத்தவர், அவர் தம்பிகள், அவர்களுடைய படகுப் பங்காளிகள், என் வாசல் நிறைய ஆட்கள். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆளுக்கொரு ஜாக்கியைப் பிடித்துக்கொண்டார்கள். என் கணவரும் ஒன்றைப் பிடித்துக்கொண்டார். மேஸ்திரி பொறுமையாகச் சொன்னார். கொல்லை மூலைக்காரர் இவ்வளவு சுற்ற வேண்டும், அடுத்தவர் அதைவிடக் கொஞ்சம் குறைவு, முன்பக்கத்துக்காரர்கள் தொடவே கூடாது, பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தால் போதும். எல்லோரும் தலையாட்டினார்கள். முட்டுக் கொடுக்க மரக்கட்டை போதவில்லை என்று மேஸ்திரி மரவாடிக்குப் புறப்பட்டார். "நான் வர்ற வரைக்கும் யாரும் கை வைக்காதீங்க" என்று வாசலில் நின்று இன்னொரு தடவையும் சொல்லிவிட்டுத்தான் போனார்.

சும்மா நிற்பது என்பது அந்த ஆட்களுக்குப் பழக்கமில்லாத வேலை. கொஞ்ச நேரம் நின்றார்கள். பீடி குடித்தார்கள். மூத்தவர் என்னைப் பார்த்தார்.

"என்னாம்மா, வேடிக்கை பாக்கவா வந்தோம்? லேசா ஒரு சுத்து சுத்திப் பாப்பம்."

"மேஸ்திரி வந்துரட்டுமே" என்று நான் சொல்வதற்குள் ஒருத்தர் "ஏலேலோ" என்று இழுத்துவிட்டார். அவ்வளவுதான். மற்ற எல்லோர் தொண்டையிலிருந்தும் "ஐலசா" கிளம்பியது. பாட்டு கிளம்பினால் கை சும்மா இருக்குமா? கரைக்குப் படகு இழுக்கிற கைகள். ஒரு கை இழுக்கும்போது இன்னொரு கை சும்மா இருந்தது என்று அவர்கள் ஊரில் ஒரு பேச்சு வரக்கூடாது. கொல்லைப்பக்கம் ஒரு சுற்று என்றால் முன்பக்கமும் ஒரு சுற்று. வீடு "கிறீச்" என்றது. பிறகு, மாதாவே, என் கண்ணை என்னாலேயே நம்ப முடியவில்லை, எங்கள் வீடு தேர் மாதிரி அசைந்து மேலே ஏறிற்று! சட்டத்துக்குக் கீழே செங்கல்லைச் செருகிக்கொண்டே அவர்கள் ஏற்ற ஏற்ற, எனக்குத் தலைகால் புரியவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாம் ஓடி வந்துவிட்டார்கள். நான் கை தட்டினேன். பூவரச மரத்தடியில் மாமியாரும் கை தட்டினார். முன்பக்கம் 'டப்'பென்று ஒரு சத்தம். மூன்று கல் படிகளும் சுவரிலிருந்து பிய்ந்துகொண்டு கீழேயே நின்றுவிட்டன. வீடு அவற்றை விட்டுவிட்டுத் தனியாக மேலே போய்விட்டது.

மேஸ்திரி மரக்கட்டை வண்டியோடு திரும்பினார். தெரு முனையிலிருந்தே வீட்டைப் பார்த்துவிட்டு, வண்டியை விட்டு ஓடி வந்தார். மட்டம் பார்க்கத் தண்ணீர் நிரப்பிய டியூபை எடுத்து, ஒரு முனையை முன்வாசலிலும் மறு முனையை அடுப்படியிலும் பிடித்துப் பார்த்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"நாலு விரல் கோணல் அப்படியே இருக்குய்யா! வூடு மட்டும் ஒரு சாண் மேல ஏறிடுச்சு!"

"தூக்கச் சொன்னீங்க, தூக்கியாச்சு" என்றார் மூத்தவர்.

"கோணலை எடுக்கச் சொன்னேன்!"

"கோணலையும் சேத்துத்தான் தூக்கிருக்கோம். ஒண்ணும் கொறையல."

அதற்கு மேல் யாராலும் அடக்க முடியவில்லை. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை கேட்டிருக்கிறேன், அந்தக் குரங்கை ஒரு சாண் உயரத்தில் தூக்கி வைத்த கதை இதுதான். மாமியாருக்குச் சிரித்துச் சிரித்துத் தலைச் சும்மாடு அவிழ்ந்து விழுந்துவிட்டது. மேஸ்திரி அழப் போகிறார் என்று நினைத்தேன். அவரும் சிரித்துவிட்டார். என் கணவர் மட்டும் ஜாக்கியைப் பிடித்தபடி, அம்மா சிரிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏற்றின வீட்டை இறக்கக்கூடாதாம். இனி ஒரே வழி, முன்பக்கத்தை அப்படியே நிறுத்திவிட்டுக் கொல்லைப்பக்கத்தை அந்த உயரத்துக்குக் கொண்டுவருவது. ஆனால் பாட்டு ஆரம்பித்தால் முன்பக்கத்துக்காரர்கள் கையும் தானாகப் போய்விடுகிறது. மேஸ்திரி கெஞ்சிப் பார்த்தார். நான் கத்திப் பார்த்தேன், என் எல்.கே.ஜி. பிள்ளைகளை அதட்டுகிற மாதிரி. கடைசியில் வேலிக்கு வெளியிலிருந்து மாமியார்தான் தீர்ப்புச் சொன்னார்.

"முன்னால நிக்கிறவனுவோ எல்லாம் குந்துங்கடா! கை வைக்கக் கூடாது, பாட்டு மட்டும் பாடுங்க. பாடுறதும் வேலைதான். அதுக்கும் பங்கு உண்டு."

பங்கு உண்டு என்றதும் எல்லோருக்கும் மனசு ஆறிவிட்டது. முன்பக்கத்துக்காரர்கள் வாசலில் குந்திக்கொண்டு பாடினார்கள், கொல்லைப்பக்கத்துக்காரர்கள் சுற்றினார்கள். சாயங்காலம் டியூபில் இரண்டு பக்கமும் தண்ணீர் ஒரே கோட்டில் நின்றது. அடியில் கல்லும் கலவையும் கொடுத்து இறுக்குகிற வேலையை அடுத்த நாட்களில் மேஸ்திரி முடித்தார். கல் போதாமல், பிய்ந்து கிடந்த படிகளையும் சம்மட்டியால் உடைத்து அஸ்திவாரத்துக்குள் போட்டு மூடிவிட்டார். உள்ளே போய்வர மூத்தவர் படகிலிருந்து ஒரு நீளப் பலகையைக் கொண்டுவந்து நிலைக்குச் சாய்த்து வைத்தார்.

முதல் தடவை நானும் என் கணவரும் அந்தப் பலகையில் ஏறி உள்ளே போனோம். போன வேகத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டோம். தரை சமமாக இருக்கிறது, எங்களுக்குத் தலை சுற்றுகிறது! இத்தனை நாள் சாய்ந்தே நடந்து பழகிய கால்கள், எதிர்ப்பக்கமாக இழுத்துக்கொண்டு போகின்றன. அவர் ஒரு தக்காளியைத் தரையில் வைத்தார். வைத்த இடத்திலேயே நின்றது. "நிக்குதுடி, நிக்குதுடி" என்று ஒரு குதி குதித்தார். இரண்டு பேரும் குடித்தவர்கள் மாதிரி ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு, அறைக்கு அறை தள்ளாடிச் சிரித்துக்கொண்டு வந்தோம்.

அந்தச் சத்தத்துக்குத்தான் மாமியார் வேலிப் படலைத் திறந்துகொண்டு வாசல் வரைக்கும் வந்தார். அன்று அண்ணன் தம்பிகளும் பலகையைக் கட்ட வந்திருந்தார்கள். மாமியார் நிலைக்குக் கீழே வெறும் மண்ணைப் பார்த்தார்.

"இங்க இருந்த படி எங்கடா?"

"ஒடச்சு அடியில போட்டாச்சும்மா" என்றார் மூத்தவர்.

"மூணு படியுமா?"

"மூணும்தான்."

மாமியார் பலகையைக் காலால் லேசாகத் தட்டினார். அவர் நினைப்பது எனக்குப் புரிந்துவிட்டது. என் கணவர் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். வா என்று சொல்ல வாய் வரவில்லை அவருக்கு. மாமியார் மகனைப் பார்க்கவில்லை, என்னைப் பார்க்கவில்லை. மூத்த மகனைத்தான் பார்த்தார். சத்தியம் அவர் தலைமேல் அல்லவா இருக்கிறது.

"நீ சொல்லுடா. இது அந்தப் படியா?"

மூத்தவர் பலகையின் கீழ் முனையில் ஒரு காலை அழுத்தி வைத்தார், ஆடாமல் இருக்க.

"இது என் படகுப் பலகைம்மா. ஏறு."

"போட்டுல பொம்பள ஏறக் கூடாதுன்னு ஓங்கப்பன் காலத்துலேர்ந்து விரட்டுனீங்களேடா!"

"இன்னைக்கு ஏறு."

அவர் ஏறினார். புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கூடை இல்லாத தலையை நிமிர்த்திக்கொண்டு. ஒரு தம்பிக்காரன் "ஏலேலோ" என்று ஆரம்பித்தான், எல்லோரும் "ஐலசா" போட்டார்கள். "வாய மூடுங்கடா, விழுந்துரப் போறேன்" என்று நடுவில் நின்று ஒரு அதட்டல். நிலையைத் தாண்டி உள்ளே கால் வைத்தார். என் கணவர் அம்மாவைக் கட்டிக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். நானும் அழுதேன், வெட்கமில்லாமல். மாமியார் மட்டும் அழவில்லை. அடுப்படியைப் பார்த்தார், அலமாரியைத் திறந்தார், "இந்த வூட்டுக்கா இம்மாம் அலட்டல்?" என்றார். பிறகு தானே கல்லை வைத்துத் தோசை ஊற்றினார். வட்டமாக வந்தது.

மனசுக்குள் பயம் மட்டும் எனக்கு மிச்சம் இருந்தது. கடல் ஒத்துக்கொள்ளுமா என்ற பயம். எனக்கே எங்கிருந்து அந்தப் பயம் வந்தது என்று தெரியவில்லை. தடைக்காலம் முடிந்து மூத்தவர் கடலுக்குப் போன அன்று மாமியார் வரவில்லை. மறுநாளும் காணோம். நான் வாசலில் நின்று ஜெபமாலையை உருட்டினேன், என் கணவர் பட்டறைக்கே போகவில்லை. அதற்கு அடுத்த நாள் உச்சி வெயிலில் தெரு முனையில் அலுமினியக் கூடை தெரிந்தது. கூடை நிறைய வஞ்சிரம். மரத்தடியில் இறக்கவில்லை, கூடையோடு பலகையில் ஏறி நேராக என் அடுப்படிக்கு வந்து இறக்கினார்.

"வந்துட்டான்" என்றார்.

காபி கேட்டார். தன் டம்ளரை எடுத்துக் கொடுத்தார், குடித்துவிட்டு என் அலமாரியிலேயே கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார்.

அடுத்த வாரம் மேஸ்திரி கடைசி வேலைக்கு வந்தார். வீடு உயர்ந்துவிட்டதால் இப்போது எத்தனை படி வைக்க வேண்டும் என்று அளந்துகொண்டிருந்தார். நான் போட்ட கூச்சலில் அவர் கையிலிருந்த சாந்துக் கரண்டி கீழே விழுந்தது.

"படியே வேணாம்! சரிவா கட்டுங்க!"

"சரிவா? ஏம்மா, சரிவை எடுக்கத்தானே என்னை அம்மாந்தூரத்துலேர்ந்து வரச் சொன்னீங்க?"

"எடுத்த சரிவைக் கொண்டாந்து வாசல்ல வைங்க."

ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுக் கட்டிக் கொடுத்தார். ஊருக்கெல்லாம் வாசலில் படி இருக்கும், எங்கள் வீட்டில் மட்டும் சிமென்ட் சரிவு. வருகிறவர்கள் ஸ்கூட்டர் ஏற்றுவதற்கா என்று கேட்பார்கள், ஆமாம் என்று சொல்லிவிடுவேன். முதல் மழை பெய்த அன்று மாமியார் கூடையோடு அதில் ஏறி வந்தார். பாதியில் கால் வழுக்க, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று, கீழே திரும்பிப் பார்த்துவிட்டு என்னைப் பிடித்து ஏசினார்.

"அறிவு இருக்காடி ஒனக்கு? வழுக்குதுல்ல? ஒழுங்கா ரெண்டு படி கட்டுனா என்னவாம்?"

வாயில் வந்ததை விழுங்கிக்கொண்டு, இறங்கிப் போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.